மூன்றாவது பொத்தான்

பிப்ரவரி 6, செவ்வாய்

காலை பத்தரைக்கு என் புத்தகத்தின் மெய்ப்பு வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இவர் கண்ணாடியைத் துடைத்து, பென்சிலைச் சீவி, சாப்பாட்டு மேஜையில் என் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பத்திரிகையில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவர். அதே பத்திரிகையில் நான் முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதினேன். என் எழுத்தில் குறை கண்டுபிடித்துத்தான் எங்கள் பழக்கமே ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் அது நிற்கவில்லை.

"முதல் பக்கத்துலயே ரெண்டு பிழை, நிருபரம்மா."

"அது அச்சுக் கோத்தவங்க பிழை."

"எல்லாக் குற்றவாளியும் இப்படித்தான் சொல்வான்."

புத்தகம் கோட்டுக்காரரைப் பற்றியது. ரசிகர்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்வோம். நான்கு பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு இல்லாமல் அவர் கிட்டாரைத் தொட்டதில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் தான் இருந்த இசைக்குழுவை விட்டுத் தனியாக வந்தார். ஏழு ஆல்பம், எழுபத்து நான்கு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறேன்: யார் எந்தக் கருவி, எத்தனையாவது நிமிடத்தில் என்ன மாறுகிறது, மேடையில் எப்படி வாசித்தார். பார்த்த கச்சேரிகளுக்குத் தனி அட்டைகள், அவர் பேட்டிகளின் நறுக்குகள் எல்லாம் சேர்த்து இரண்டு செருப்புப் பெட்டி நிறைய. என் பிறந்தநாளை நானே மறப்பேனாம், அந்த ஆள் நாலாவது ஆல்பம் போட்ட தேதியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனாம். இவர் சொல்வது. உண்மைதான்.

புத்தகத்தின் பெயர் 'கோட்டைக் கழற்றிய நாள்'. தனி வாசிப்புத் தொடங்கும்போது அவர் கிட்டாரை வயிற்றோடு அணைப்பார். மூன்றாவது பொத்தான் மரத்தில் படும். முதல் ஸ்வரத்துக்கு முன்னால் மெல்லிய ஒரு 'டக்'. எல்லா ஆல்பத்திலும் இருக்கிறது. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் யாருக்கும் கேட்கும். நான்காவது ஆல்பத்தின் ஆறாவது பாட்டில் மட்டும் இல்லை. ஐம்பத்திரண்டு விநாடி வாசிப்பு. அவர் வாழ்நாளிலேயே சிறந்தது. அதில் 'டக்' இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால், ஆல்பம் வந்த மாதமே, ஞாயிறு இதழில் எழுதினேன்: அன்று அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வாசித்தார்; குழுவின் நிழலிலிருந்து அன்றுதான் வெளியே வந்தார்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் அதுதான். மற்ற பக்கமெல்லாம் அதற்குப் போகிற வழி.

பிப்ரவரி 9, வெள்ளி

பின்னிணைப்பில் உள்ள பாட்டு அட்டவணையில் ஒரு கட்டம் உறுத்துகிறது. ஆறாம் பாட்டு, மூன்று நிமிடம் நாற்பத்தொன்றாவது விநாடி. வாசிப்பு முடியும் இடத்தில் 'சலக்' என்று ஒரு சின்னச் சத்தம். அட்டையில் 'சிறு மணி - டிரம்ஸ்காரர்' என்று எழுதியிருக்கிறேன். யாரிடமும் கேட்டு எழுதியதில்லை. டிரம்ஸ்காரருக்குப் போன் போட்டேன். நல்ல வெண்கலக் குரல், இப்போதும்.

"மணியா? நான் என்ன பள்ளிக்கூட பியூனா, மணி அடிக்க? அந்த ஆல்பத்துல நான் மணியையே தொடலைம்மா."

"அப்ப யாரு?"

"நெட்டையைக் கேளுங்க. அவன்தான் கடைசி நாள் வரைக்கும் ரூம்ல இருந்தான்."

நெட்டை என்றால் பேஸ் கிட்டார் வாசித்தவர். முதல் ஐந்து ஆல்பத்திலும் இவர்கள் நால்வர்தான்: கோட்டுக்காரர், நெட்டை, டிரம்ஸ், கீபோர்டு வாசித்த பெண். நெட்டை இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். ஒரு மணிச் சத்தத்துக்காக ஒரு பயணம். எனக்கு இதெல்லாம் புதிதில்லை. ஒரு கையெழுத்து உண்மையா என்று பார்க்க மூன்று ஊர் போனவள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

நெட்டைக்கு அலுவலகம் என்று ஒன்று இல்லை. கார்தான் அலுவலகம். பின் சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். ஓட்டுநர் இடத்தில் ஐம்பது வயதுப் பல் டாக்டர் ஒருவர், ஸ்டீயரிங்கைப் பிடுங்கப் போகிற பல்லைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேளுங்கம்மா, டாக்டருக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. டாக்டர், கிளட்ச். கிளட்ச்னா இடது கால்."

மணியைப் பற்றிக் கேட்டேன். நெட்டை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஆறாம் பாட்டா? அந்தக் கடைசி வாரமா? அப்ப நாங்க மூணு பேருதானே ரூம்ல. நானு, அவ, சவுண்ட் இன்ஜினியர். கோட்டு கைல கட்டு போட்டுக்கிட்டு வெளியே இருந்தானே."

"என்ன கட்டு?"

"கார் கதவுல விரல் மாட்டிக்கிச்சு. இடது கை மோதிர விரல். ஆறு வாரம் கிட்டாரைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. மெதுவா, டாக்டர், முன்னால சைக்கிள்."

"அப்ப அந்தத் தனி வாசிப்பு முன்னாடியே எடுத்ததா?"

"இல்லம்மா. அத அவதானே வாசிச்சா. கீபோர்டு. பிரேக்! பிரேக், டாக்டர்! வலது கால்!"

மூவரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தோம். சைக்கிள்காரர் இறங்கிப் பல் டாக்டரின் குடும்பத்தைப் பற்றி ஏதேதோ சொன்னார். டாக்டர் மன்னிப்புக் கேட்டார். நெட்டை திரும்பி என்னிடம் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்கதானே எல்லாத்தையும் அட்டை போட்டு வச்சிருக்கீங்க."

பிப்ரவரி 14, புதன்

ஒருத்தர் வாய் போதாது. முப்பத்து நான்கு வருடமும் எனக்கு அதுதான் விதி: இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் செய்தி. நெட்டைக்கு வயது அறுபத்தாறு. ஞாபகம் இந்த ஆல்பத்திலிருந்து அந்த ஆல்பத்துக்குத் தாவும். என் பக்கம் என்ன இருக்கிறது? என் காது. அதோடு கோட்டுக்காரரின் வாக்குமூலம்: 'அன்று கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தேன்' என்று ஒரு மாத இதழில் அவரே சொன்ன பேட்டி. அடிக்குறிப்பு எண் முப்பத்தேழு.

வாசித்தவரே சொல்லியாயிற்று. அப்புறம் என்ன? நெட்டை தடுமாறியிருக்கிறார். சைக்கிள் குறுக்கே வந்த பரபரப்பில் யாருக்குத்தான் தடுமாறாது?

பிப்ரவரி 16, வெள்ளி

மத்தியானம் இவர் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். பென்சில் நின்றுவிட்டது. எனக்கு அந்த மௌனம் தெரியும். எழுத்துப்பிழை என்றால் பேசிக்கொண்டே திருத்துவார்.

"முப்பத்தேழாம் அடிக்குறிப்பு எந்த மாசத்துப் பேட்டி?"

சொன்னேன்.

"உன் கட்டுரை?"

அதையும் சொன்னேன். காகிதத்தில் இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி என் பக்கம் திருப்பினார். என் கட்டுரை முதலில். பதினாறு மாதம் கழித்து அவர் பேட்டி.

"அதுக்கு முன்னாடி அவர் பேட்டி கொடுத்திருக்காரா?"

பெட்டியை எடுத்து வந்தேன். மூன்று பேட்டி. மூன்றிலும் ஆறாம் பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 'நன்றாக அமைந்துவிட்டது' என்கிறார். கோட்டு இல்லை. நாற்காலி இல்லை. என் கட்டுரை வந்த பிறகு இரண்டும் வந்துவிடுகின்றன, நான் எழுதிய அதே வரிசையில்.

இவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன் சாட்சியை நீயே தயார் பண்ணிக் கூண்டுல ஏத்தியிருக்க."

நான் எழுதியதை அவர் படித்திருக்கிறார். பிடித்துப்போயிருக்கிறது. திருப்பிச் சொல்லியிருக்கிறார். நான் அதை எடுத்து என் அடிக்குறிப்பில் ஆதாரமாகப் போட்டிருக்கிறேன். என் வாக்கியமே ஊரைச் சுற்றிவிட்டு வந்து எனக்குச் சாட்சி சொல்லியிருக்கு. இதை ஒரு வக்கீல் செய்திருந்தா நான் அவரை நாலு பத்தியில கிழிச்சிருப்பேன். நானே செய்திருக்கேன்!

பொத்தான் சத்தம் ஏன் இல்லை? அவர் அங்கே இல்லை. இவ்வளவுதான். காலியாக இருந்த இடத்தில் ஒரு கவிதை எழுதி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மொத்தத்துல கோட்டை விட்டுட்ட." அப்போதுதான் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதிப்பாளரிடம் போனேன். மாடிப்படி முழுக்க என் புத்தகத்தின் அட்டைக் கட்டுகள். ஆயிரத்து இருநூறு அட்டை. ஓவியம் எவ்வளவு அழகு: காலி நாற்காலி, அதன் முதுகில் கறுப்புக் கோட்டு, நான்கு பொத்தானும் மின்னுகின்றன.

"கலர் மெஷின் போன மாசம்தாம்மா கிடைச்சுது. அட்டை முதல்ல, உள்பக்கம் பின்னால. எப்பவும் அப்படித்தானே."

"பேரே தப்பா இருக்கலாம்."

"பேரு தப்பா? எழுத்துப்பிழையா?"

"இல்ல. நடந்ததே தப்பு."

உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. ஒரு வழி சொன்னார்: "உள்ள என்ன வேணா மாத்திக்குங்க. 'இப்படியும் ஒரு பேச்சு உண்டு'ன்னு ஒரு அடிக்குறிப்பு போடுங்க. அட்டையை மட்டும் தொடாதீங்க. முன்னுரைலயும் அவரே அந்தக் கோட்டுக் கதையைத்தானே எழுதியிருக்காரு? அவருக்கே உறுத்தல, உங்களுக்கு ஏம்மா?"

கோட்டுக்காரர் போன மாதம் இரண்டு பக்கம் முன்னுரை அனுப்பியிருந்தார். அது வந்த அன்று நான் இரண்டு தடவை படிக்கட்டு ஏறி இறங்கினேன், காரணமில்லாமல்.

இன்னும் ஒரு வாய் வேண்டும். அவள் வாய்.

பிப்ரவரி 24, சனி

ஏழு பத்து ரயில், மூன்று மணி நேரம். கீபோர்டுக்காரர் ஐந்தாவது ஆல்பத்தோடு விலகிவிட்டார். ஒரு பேட்டிகூடக் கொடுத்ததில்லை. இப்போது பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறார். நெட்டை கொடுத்த முகவரியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. விடுமுறை நாள். பெரிய கூடம், அடுக்கி வைத்த பெஞ்சுகள், மேடையோரம் பியானோ. முன்பலகையைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே கொடுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கம்பிகளுக்கு நடுவே சிவப்புக் கம்பளிப் பட்டை செருகியிருந்தது. பேசாமல் இருக்க வேண்டிய கம்பிகளின் வாயை அது அடைத்து வைக்குமாம். இடுப்பில் கனமான ஒரு சாவிக்கொத்து.

"நெட்டை போன் பண்ணான். உக்காருங்க. நான் வேலையை நிறுத்த மாட்டேன், அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். நான் முதலில் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. சாட்சிக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'மணி' என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"ஆறாம் பாட்டு முடியற இடத்துல ஒரு சத்தம் வருமே. ஞாபகம் இருக்கா?"

தலையை வெளியே எடுக்காமலே கையால் இடுப்பைத் தட்டினார். சலக்.

இருபது வருடமாக நான் மணி என்று நம்பிய சத்தம்.

"ஸ்டூடியோவைக் காலைல திறக்கறது நான்தான். சாவி எப்பவும் என்கிட்ட. கடைசி ஸ்வரத்தை இழுக்கறப்ப உடம்பு திரும்பிடுச்சு. இன்ஜினியர் இன்னொரு தடவை எடுக்கலாம்னாரு. நெட்டை வேணாம்னுட்டான்."

"உக்காந்து வாசிச்சீங்களா?"

"எங்க உக்கார? நாற்காலியெல்லாம் கிரீச்னு கத்துதுன்னு முத நாளே வெளியே தூக்கிப் போட்டாச்சு. எல்லாருமே நின்னுதான். நான் கதவோரம். வயர் அவ்வளவுதான் எட்டுச்சு."

நாற்காலியே இல்லை. என் அட்டைப்படத்தில் இருப்பதே நாற்காலிதான்.

கிட்டார் எப்போது கற்றார் என்று கேட்டேன். கீபோர்டுக்கு முன்னாலேயாம். சிரித்தார். "ஆறு வருஷம் அவர் பக்கத்துல நின்னு வாசிச்சிருக்கேன். அவர் கை எங்க போகும்னு எனக்கு அத்துப்படி. அத வாசிக்கல. அவர் எங்க போகத் தயங்குவாரோ அங்க போனேன்."

"பேரு ஏன் போடல?"

"உறை அடிச்சாச்சே." பியானோவிலிருந்து இப்போதுதான் தலையை எடுத்தார். "உறை முதல்ல அடிச்சிடுவாங்க. விரல் மாட்டினது அப்புறம். 'கிட்டார் - அவர், கீபோர்டு - நான்'னு அச்சாயிடுச்சு. அடுத்த அச்சுல மாத்தலாம்னாங்க. அடுத்த அச்சு வர்றதுக்குள்ள உங்க கட்டுரை வந்துடுச்சு."

நான் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்தேன்.

"நல்லா எழுதியிருந்தீங்க. வெட்டி வச்சிருக்கேன்." ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்து, கால் சுற்றுத் திருகினார். "என் வாசிப்பைப் பத்தி அவ்வளவு நல்லா வேற யாரும் எழுதினதே இல்ல."

கிளம்பும்போது என் பழைய சிடி உறையை நீட்டினேன். ரசிகைதானே நானும். மடிப்புத்தாளைப் பிரித்து, 'கீபோர்டு' என்ற வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் வரியில் 'கிட்டார்' என்று இருந்தது. பேனா அங்கே ஒரு கணம் நின்றது. மூடியைப் போட்டுவிட்டார்.

"எழுதப் போறீங்களா?"

"நிச்சயமா எழுதுவேன்."

"உங்க இஷ்டம். யாரும் கேக்கல, நான் சொல்லல. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

பிப்ரவரி 25, ஞாயிறு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஒன்பது வருடம் என் செய்திகள் 'நமது நிருபர்' என்று வந்தன. உடன் சேர்ந்த ஆண்களுக்குப் பெயர் வந்தது. ஒன்பது வருடமும் ஆசிரியர் அறை வாசலில் நின்று சண்டை போட்டுப் பெயரை வாங்கினேன். முதல் தடவை பெயர் அச்சான அன்று எட்டுப் பிரதி வாங்கினேன்.

அந்த நான்தான் இந்தக் கட்டுரையையும் எழுதியிருக்கிறேன்.

சரி. அழுவதற்கு நேரமில்லை. ஆறாம் பாட்டைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திருப்பி எழுத வேண்டும்.

மார்ச் 4, திங்கள்

கோட்டுக்காரர் மாலை நான்கு மணிக்குப் பேசினார். அவருடைய மேலாளர் இருபது நிமிடம் கொடுத்திருந்தார், 'புத்தகத்துக்குச் சில விளக்கங்கள்' என்று. முப்பது வருடமாகக் கேட்ட குரல் காதுக்குள் வந்து "சொல்லுங்கம்மா" என்றது. எழுந்து நின்றுதான் பேசினேன் என்று இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

பொதுவாகப் பேசினோம். பிறகு நீதிமன்றத்தில் எத்தனையோ வக்கீல்கள் கேட்டுப் பார்த்த மாதிரி, ரொம்பச் சின்னக் கேள்வியாக:

"அன்னிக்குக் கோட்டை எங்க வச்சீங்க?"

"நாற்காலியில. நீங்களே எழுதியிருக்கீங்களே."

"அந்த ரூம்ல நாற்காலி இல்லைன்னு சொல்றாங்க, சார்."

எண்ணிப் பார்த்தேன். பதினொரு விநாடி. தனி வாசிப்புக்கு நடுவில் அவர் விடும் எந்த இடைவெளியும் இவ்வளவு நீளமில்லை.

"அவளைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நல்லா இருக்காளா?"

"பியானோக்குச் சுருதி சேக்கறாங்க. நல்லா இருக்காங்க."

இன்னொரு மௌனம். நான் நிரப்பவில்லை. நிரப்பிப் பழகிய கை, கட்டி வைத்தேன்.

"நீங்க என்னோட எத்தனை கச்சேரி பாத்திருக்கீங்க?"

"பதினொண்ணு."

"ஆறாம் பாட்டு வாசிக்கிறப்ப அந்த இடத்துல என்ன பண்ணுவேன்?"

அட்டையைப் பார்க்கவே வேண்டியதில்லை. பதினொன்றிலும் அந்த இடத்தில் கிட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பாட விடுவார். பதினோரு அட்டையிலும் நான் 'அடக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"என்னோடது இல்லைங்கறதால வாசிக்கல. ஆனா சொல்லவும் இல்ல. ரெண்டையும் பண்ணது நான்தான்." பிறகு: "உங்க கதை நல்லா இருந்துச்சும்மா. உண்மையை விட நல்லா இருந்துச்சு. அத அப்படியே போட்டுக்கிட்டேன், இன்னொரு கோட்டு மாதிரி."

"இத நான் எழுதப் போறேன் சார்."

"நான் ஒண்ணும் சொல்லல," என்று வைத்துவிட்டார். பதினேழு நிமிடம்.

மார்ச் 5, செவ்வாய்

'நான் ஒண்ணும் சொல்லல.' சரி என்றா, வேண்டாம் என்றா?

மார்ச் 12, செவ்வாய்

வேண்டாம் என்றுதான். மேலாளரிடமிருந்து நான்கு வரிக் கடிதம்: முன்னுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், அவர் பெயரில் எந்த வாசகமும் இடம்பெறக் கூடாது. பதிப்பாளர் போனில் ஐந்து தடவை "போச்சு" என்றார். முன்னுரை இல்லை, அட்டை இல்லை, தலைப்பும் இல்லை. புத்தகம் சட்டையில்லாமல் நிற்கிறதாம்.

"உள்பக்கம் நல்லா இருக்கு," என்றேன். "முன்னைவிட நல்லா இருக்கு."

அது பெருமைப் பேச்சு இல்லை. ஐந்தாம் அத்தியாயம் நான் எழுதியதிலேயே நேரான எழுத்து. பொத்தான் சத்தம், அது இல்லாத இடம், நான் அதை வைத்துக் கட்டிய கதை, அந்தக் கதை எனக்கே ஆதாரமாகத் திரும்பி வந்த விதம், கார், பள்ளிக்கூடம், சாவிக்கொத்து எல்லாம் தேதியோடு. இவர் அதில் ஒரே ஒரு காற்புள்ளிதான் மாற்றினார். முப்பது வருடத்தில் இது சாதனை.

முன்னுரை போனது வலிக்கிறதா? வலிக்கிறது. முப்பது வருடமாகக் கேட்ட ஆள். போகட்டும். கேட்பதை யார் தடுக்கப் போகிறார்கள்?

மார்ச் 15, வெள்ளி

தபாலில் கனத்த ஒரு உறை. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே கடிதம் இல்லை. இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டிய ஒரு புகைப்படம்.

அந்த அறை, வெளியே கண்ணாடிக்கு அப்பாலிருந்து எடுத்தது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. நாற்காலி இல்லை. கதவோரம் ஒரு பெண் நிற்கிறாள், ஒல்லியாக, தலை குனிந்து, கழுத்தில் கிட்டார். வயர் இழுத்த கயிறு மாதிரி விறைத்துக் கிடக்கிறது. இடுப்பில் சாவிக்கொத்து. படத்தின் கீழ் மூலையில் மங்கலாக, லென்ஸை மறைத்துக்கொண்டு, வெள்ளைக் கட்டுப் போட்ட ஒரு விரல்.

பின்பக்கம் பென்சிலால்: 'நான் எடுத்தது. எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.'

இவர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேலாளருக்காக முன்னுரையைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு. உனக்கு இது."

"அப்படித்தான் தோணுது."

"இத வச்சுக்கிட்டு இருபது வருஷம் எப்படிய்யா சும்மா இருந்தாரு," என்றார், என்னிடம் அல்ல, படத்திடம்.

மார்ச் 18, திங்கள்

பதிப்பாளர் படத்தை மேஜையில் வைத்து, எழுந்து நின்று பார்த்தார். ஆயிரத்து இருநூறு அட்டையும் திரும்பக் காகித ஆலைக்குக் கூழாகப் போகும் என்றார். நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. தலைப்பு? 'வாசித்தவர்கள்' என்றேன். பன்மை போதும். அட்டைப் படத்துக்கு யார் பெயர் போடுவது என்று கேட்டார்.

"எடுத்தவர் பேரைத்தான். முழுசா. பெரிய எழுத்துல."

ஏழு ஆல்பத்திலும் அவர் பெயர் கிட்டாருக்குப் போட்டிருக்கிறார்கள். புகைப்படத்துக்கு இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 30, செவ்வாய்

அச்சாகிவிட்டது. பள்ளிக்கூட முகவரிக்கு இரண்டு பிரதி அனுப்பினேன். எனக்கு எட்டு எடுத்துக்கொண்டேன். பழைய பழக்கம்.

மே 21, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை. இவர் தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறார். நான் அவசரப்படவில்லை. ஜன்னல் பக்கம் மட்டும் அடிக்கடி வேலை வருகிறது.

ஜூன் 12, புதன்

மத்தியானம் ஒரு தபால் அட்டை. சின்ன எழுத்து, நேர்வரி, விளிம்பு வரைக்கும்.

'புத்தகம் படித்தேன். பக்கம் 143: மூன்றாவது தடவை வாசித்தது என்று போட்டிருக்கிறீர்கள். நெட்டை சொல்லியிருப்பான். தவறு. இரண்டாவது தடவை. மூன்றாவது எடுக்கவே இல்லை. பக்கம் 151: வயரின் நிறம் கறுப்பு இல்லை, பச்சை. மற்றது சரி. அன்று நீங்கள் கொண்டுவந்த உறையை மறுபடி அனுப்ப முடியுமா? ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று.'

இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுப் பென்சிலை எடுத்து, தன் பிரதியில் இரண்டு பிழையையும் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பிழை, நிருபரம்மா. அடுத்த பதிப்புல மாத்தணும்."

"மாத்துவோம்."

"உறையைப் பதிவுத் தபால்ல போட்டுடவா?"

பெட்டியைத் திறந்து ஆறாம் பாட்டின் அட்டையை எடுத்தேன். 'சிறு மணி - டிரம்ஸ்காரர்' என்பதை அடித்து, 'சாவி' என்று எழுதினேன். 'கிட்டார்' என்ற கட்டத்தை மார்ச் மாதமே திருத்தியாகிவிட்டது.

"தபால்ல வேணாம்," என்றேன். "சனிக்கிழமை ஏழு பத்து ரயில்ல ரெண்டு சீட் பாருங்க."